செவப்பு லைட்டு

கண்ணைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போன நர்ஸ், எப்போது திறக்கலாம் என்று சொல்லாமலே போய்விட்டாள். சஷ்டிகா இரண்டு கண்ணையும் இறுக்கி மூடி, மூக்கையும் சேர்த்துச் சுளித்துக்கொண்டு, அம்மாவின் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தாள். ஏழு வயசுக்குக் கோகிலவாணியின் மடி போதவில்லை. கால் இரண்டும் பக்கத்து நாற்காலியையும் தாண்டித் தொங்கின. ஒரு காலில் ஸ்கூல் சாக்ஸ் இருந்தது, இன்னொரு காலில் இல்லை. அவசரத்தில் ஒன்றைத்தான் மாட்டிவிட்டிருக்கிறாள், ஆஸ்பத்திரிக்கு வந்து இவ்வளவு நேரம் கழித்து இப்போதுதான் அது கண்ணில் படுகிறது. கண்ணில் படுகிறது. இந்தக் கட்டடத்துக்குள் நுழைந்ததிலிருந்து எதை நினைத்தாலும் அதில் ஒரு கண் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஹாலில் போட்டிருந்த இரும்பு நாற்காலிகளில் மருந்து விட்டுக்கொண்டவர்கள் எல்லாரும் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக் கிடந்தார்கள். துணைக்கு வந்தவர்கள் மட்டும் விழித்துக்கொண்டு அவரவர் பேர் கூப்பிடுகிறார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். "கண்ணு, அழுவாத கண்ணு, கண்ணத் தொறந்தா மருந்தெல்லாம் வெளிய வந்துரும் கண்ணு" என்று நர்ஸ் சொன்னபோது அதில் எந்தக் கண்ணு கண், எந்தக் கண்ணு குழந்தை என்று கோயமுத்தூரிலேயே பிறந்து வளர்ந்த கோகிலாவுக்குக்கூட ஒரு நிமிஷம் பிடிபடவில்லை. பிறகு நர்ஸ் அவள் பக்கம் திரும்பி, "பாப்பா நல்லாப் பெருசாகோணுங்க, அப்பத்தான் டாக்டரம்மாவுக்கு உள்ள தெரியும்" என்றாள். கண்ணுக்குள் இருக்கிற பாப்பாவைச் சொன்னாள். அது புரிவதற்குள் கோகிலா, ஆமாங்க, பெருசாகோணுங்க, என்று தலையை ஆட்டிவிட்டாள். பெரிசாகோணும். பெரிசாகி, படித்து, தானாக ஒரு வண்டியை எடுத்துக்கொண்டு ரோட்டில் போகோணும். எல்லாத்துக்கும் கண் வேண்டும். அவளுடைய கை குழந்தையின் தலைமுடிக்குள் போய் வந்துகொண்டிருந்தது, பேன் பார்க்கிறதுபோல, வேறு ஒன்றும் செய்யத் தெரியாமல்.

காலையில் இரண்டாவது தோசையை ஊற்றியபோது வீட்டில் சத்தமில்லை. சஷ்டிகா இருக்கிற வீட்டில் சத்தமில்லை என்றால் எங்கேயோ எதுவோ நடக்கிறது என்று அர்த்தம், அது அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் அந்தத் தோசையை எடுத்துவிட்டுத்தான் போனாள். முறுகட்டும் என்று நின்றாள். அந்த ஒரு தோசை முறுகின நேரம். அந்த நேரத்தில் ஆனதா, அல்லது அதற்கு முன்னாலேயே ஆகிவிட்டதா, அல்லது ஒன்றுமே ஆகவில்லையா. படுக்கை அறைக் கதவு சாத்தியிருந்தது, கதவுக்கு அடியில் தரையோடு சிவப்பாக ஒரு கோடு. தள்ளித் திறந்தால், அலமாரியில் சாய்த்து வைத்திருந்த, தோள் வலிக்கு வாங்கின அந்தப் பலகை, பலகை முழுக்கப் பொடிப்பொடியாகச் சிவப்பு பல்புகள், அத்தனையும் எரிந்துகொண்டிருந்தன. அதன்முன்னால் சஷ்டிகா முட்டி போட்டு உட்கார்ந்து, மூக்கு இடிக்கிற அளவுக்கு முகத்தைக் கொடுத்து, விரலால் இரண்டு இமைகளையும் விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். போட்டுக்கொள்ளாமல் விளக்கைப் போடக் கூடாது என்று டப்பாவிலேயே எச்சரித்திருந்த கருப்புக் கண்ணாடி கட்டிலின்மேல் மடித்தபடி கிடந்தது. கோகிலா ஸ்விட்சை அணைத்தாள். அணைத்ததும் அறை முழுக்கப் பச்சையாகத் தெரிந்தது, சுவர், கட்டில், குழந்தை எல்லாமே. "என்ன பண்ற அம்மிணி" என்று கேட்டபோது குரல் ஏன் அவ்வளவு மெதுவாக வந்தது என்று தெரியவில்லை. கத்தியிருக்கலாம். "கண்ண மூடிட்டா உள்ள போகாதுல்லம்மா" என்றாள் சஷ்டிகா. "எது உள்ள போகாது?" "லைட்டு. தோலுதான் மூடியிருக்குதே. கண்ணுதான தொறந்திருக்குது." எத்தனை நாளாக என்று கேட்டதற்குக் கொஞ்ச நாளாக என்றாள். கொஞ்ச நாளென்றால்? "நீ குளிக்கப் போறப்பல்லாம்." கோகிலா தினமும் குளிக்கிறவள். தலைக்கு ஊற்றுகிற நாளில் இன்னும் கொஞ்சம் நேரமாகும். வெந்நீர் தோளில் விழுந்தால் வலிக்கு இதமாக இருக்கிறதென்று கூடவே ஒரு குவளை, இன்னொரு குவளை என்று நின்றுகொண்டிருந்த நாளெல்லாம் இப்போது ஞாபகம் வருகிறது. அதற்குப் பிறகுதான் சஷ்டிகா அதைச் சொன்னாள். "அம்மா, உம் மூஞ்சில நடுவுல கருப்பா ஒரு பொட்டு இருக்குது." கோகிலா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள், மாவு தெறித்திருக்கும் என்று நினைத்து. மாவு எங்கேயாவது கருப்பாக இருக்குமா. "போகல. செவுத்துலயும் இருக்குது. எங்க பாத்தாலும் அங்க வருது."

எங்கே பார்த்தாலும் அங்கே வருகிறது. கோகிலாவுக்கும்தான் வருகிறது, ஆட்டோவில் வரும்போது, சீட்டு வாங்க நின்றபோது, இந்த நாற்காலியில் உட்கார்ந்தபோது, ஒரே ஒரு நினைப்பு, எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தப் பக்கம் முன்னாடியே போய் நின்றுகொண்டு. அந்த விளக்கை யார் வாங்கினது. இவள்தான் வாங்கினாள். வேறு யார்மேலும் போட முடியாது. சிங்காநல்லூர்ப் பக்கம் வேகத்தடையில் ஸ்கூட்டர் வாரிவிட்டு விழுந்ததில் காறையெலும்பு முறிந்து, தகடு வைத்துத் தைத்து, கழுத்திலிருந்து தோள்வரைக்கும் ஒரு தழும்பு. தழும்பு இருந்தாலும் பரவாயில்லை, கையைத் தூக்கினால் வலித்தது. கையைத் தூக்காமல் வீட்டில் என்ன வேலை செய்ய முடியும். பிசியோதெரபி செய்த பெண்தான், செவப்பு லைட்டு கொஞ்சம் உதவலாம்க்கா, சில பேருக்கு நல்லாக் கேக்குது, என்று பட்டும்படாமல் சொன்னாள். போனில் தேடினால், டப்பாவின் படத்திலேயே ஒரு வெள்ளைக்காரப் பெண் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாள்: தோல் பொலிவாகும், தசை வலி போகும், தூக்கம் வரும், மனசு லேசாகும். மனசு லேசாகும் என்று போட்டிருந்ததில்தான் கோகிலா விழுந்தாள், உண்மையைச் சொல்லவேண்டுமானால். வந்து இறங்கிய பிறகு தினமும் சாயந்திரம் ஆபீஸ் விட்டு வந்து அதன்முன்னால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படுத்தாள். தழும்பு கொஞ்சம் மங்கினது மாதிரிதான் தெரிந்தது, வலியும் குறைந்தது, ஆனால் அது விளக்கால் குறைந்ததா, கல்யாணமாகி வந்ததற்கு அப்புறம் முதல்முறையாகச் சாயந்திரத்தில் கால் நீட்டிப் படுத்ததால் குறைந்ததா என்று யார் சொல்வார்கள். மாடி வீட்டு அக்கா ஜன்னலில் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு, "சாமி ரூம்ல சீரோ வாட்ஸ் பல்பு போட்டிருக்கறயாட்ட இருக்குது, இத்தன வெளிச்சமா எரியுது" என்று விசாரித்தாள். கனகராஜ், அவள் வீட்டுக்காரன், லேத் பட்டறையிலிருந்து கையெல்லாம் எண்ணெயோடு வந்து நின்று, வீட்ல செவப்பு வெளக்கு எரிஞ்சா தெருவுல தப்பாப் பேசுவாங்கடி, என்று கண்ணைச் சிமிட்டினான். அதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற பேச்சு. அந்த விளக்கைச் சுற்றி வீட்டில் சிரிப்புத்தான் இருந்தது. அந்தச் சிரிப்பில்தான் எங்கேயோ முள் இருந்திருக்கிறது.

பொங்கலுக்குக் கனகராஜின் அக்கா ஜோதிமணி பொள்ளாச்சியிலிருந்து வந்திருந்தாள். கோகிலா அவளை நங்கை என்று கூப்பிடுவாள், இந்தப் பக்கத்து வழக்கப்படி. நல்ல மனுஷி, தேங்காயும் இளநீரும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வராமல் ஒருநாளும் வாசல் ஏறினதில்லை, ஆஸ்பத்திரியில் கோகிலா படுத்திருந்தபோது முகம் கோணாமல் எல்லாம் செய்தவள். அதனால்தான் அவள்மேல் கோபம் வரவேண்டிய நேரத்தில்கூட வரமாட்டேன் என்கிறது. நங்கை விளக்கைப் பார்த்துவிட்டு, "இதென்ன அம்மிணி செவப்பு லைட்டு, போட்டாச் செவப்பாயிருவாங்களா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். "அப்படின்னா எம் மருமக சஷ்டிகாவ மொதல்ல இதுக்கு முன்னால உக்கார வெய்யி. உனக்கென்ன, நீ புதுநெறம், கருப்பும் இல்ல செவப்பும் இல்ல, சமாளிச்சுக்குவ. இவ எந் தம்பி மாதிரி அட்டக் கரியாப் பொறந்துட்டா." அதற்கும் சிரித்தார்கள். கனகராஜ் தன் கரிய கையைத் தூக்கிக் காட்டிச் சிரித்தான், ஆம்பளைக்கு நிறத்தால் என்ன நஷ்டம். கோகிலாவும் சிரித்தாள். அந்த இடத்தில்தான் நினைப்பு போய்ப் போய் மாட்டிக்கொள்கிறது. எல்லாரும் சிரித்த பிறகு சிரித்தாளா, முதலிலேயே சிரித்தாளா. வந்த விருந்தாளி பேச்சுக்கு மரியாதையாகச் சிரித்தாளா, அல்லது புதுநெறம் என்று தன்னைச் சொன்னதில் உள்ளுக்குள் ஒரு குளுமை உண்டாகி, அந்தக் குளுமையில் மிச்சத்தையும் சேர்த்துச் சிரித்துவிட்டாளா. சஷ்டிகா டைனிங் டேபிளுக்கு அடியில் உட்கார்ந்து காகிதம் வெட்டிக்கொண்டிருந்தாள். அவளும் சிரித்தாள். அது காதில் விழுந்தது, நன்றாக ஞாபகம் இருக்கிறது, கலகலவென்று சிரித்தாள், அத்தை மடியில் ஏறி உட்கார்ந்துகூடச் சிரித்தாள். சிரிக்கிற குழந்தைக்கு வலிக்காது என்று எந்தக் கிறுக்கு எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தது.

இந்தத் தமிழும் ஒரு தமிழா. மாடு வெளுப்பாக இருந்தால் வெள்ளை மாடு, சட்டை வெளுப்பாக இருந்தால் வெள்ளைச் சட்டை, பெண் வெளுப்பாக இருந்தால் மட்டும் சிவப்பு. தக்காளிக்கும் ரத்தத்துக்கும் சிக்னலுக்கும் இருக்கிற பேரை எடுத்து ஒரு நிறத்துக்கு வைத்துவிட்டு, அந்த நிறத்தைத் தேடிப்போய்ப் பெண் கேட்பதும் மாலை போடுவதும். இதைப் பெரியவர்களே புரிந்து பேசுவதில்லை, குழந்தை எப்படிப் பிரித்துக்கொள்ளும். யுகேஜியில் ராஜகுமாரி படம் வரையச் சொன்னபோது, "ராஜகுமாரி எப்படி இருப்பா?" என்று சஷ்டிகா கேட்டதற்கு அந்த மிஸ், செவப்பா அழகா இருப்பா, என்றாளாம். சஷ்டிகா சிவப்பு கிரேயானை எடுத்து ராஜகுமாரியின் மூஞ்சி முழுக்கப் பூசி, கையையும் காலையும் பூசி, காளியாத்தா மாதிரி ஆக்கிக் கொண்டுவந்து நீட்டினாள். வீட்டில் மாய்ந்து மாய்ந்து சிரித்தார்கள். கனகராஜ் அதைப் போட்டோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பினான். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் அன்றைக்கு அவள் ஒவ்வொரு மூஞ்சியாகப் பார்த்தாளே, அப்போதாவது யாராவது உட்காரவைத்துச் சொல்லியிருக்கலாம். என்ன சொல்லியிருப்பார்கள். கண்ணு, நாங்கள் சொல்கிற சிவப்பு சிவப்பு இல்லை, என்றா. அப்போது நீங்கள் சொல்கிற கருப்பும் கருப்பு இல்லையா என்று கேட்டிருப்பாள். அவள் கேட்பாள், விடமாட்டாள். இப்போது அவளே கண்டுபிடித்துவிட்டாள், யாரும் சொல்லாமலே: சிவப்பு லைட்டு என்றால் சிவப்பாக்குகிற லைட்டு. குண்டு பல்பு, டியூப்லைட்டு என்கிறதைவிட இதில் என்ன தப்பு இருக்கிறது. பேரிலேயே போட்டிருக்கிறதே.

"அம்மா, தொறக்கட்டுமா?" என்றாள் மடியிலிருந்து. "வேண்டாங் கண்ணு. சித்த நேரம்." "பொட்டு உள்ளயே இருக்குதும்மா. மூடுனாலும் இருக்குது." கோகிலா அவள் இமைமேல் குனிந்து பார்த்தாள். "பெருசா இருக்குதா, சின்னதா இருக்குதா?" "பொட்டு மாதிரிதான் இருக்குது." "என்ன கலரா இருக்குது?" "கருப்புத்தான், என்னயாட்ட" என்றாள் சஷ்டிகா, எந்த வருத்தமும் இல்லாமல், மழை வருகிறது என்று சொல்கிறதைப்போல. கருப்புப் பொட்டு. இவள் பிறந்த பதினாறாம் நாள் தொட்டிலில் போட்டபோது கோகிலாவின் அம்மா மையைக் குழைத்துக் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைக்க வந்தாள். வந்திருந்த சொந்தத்தில் யாரோ, யார் என்று முகம் ஞாபகமில்லை, குரல்தான் இருக்கிறது, "இதுக்கெதுக்குங்க பொட்டு, வெச்சாலும் தெரியவா போகுது" என்றது. அப்போதும் ஒரு சிரிப்பு. கோகிலாவின் அம்மா கையில் மையோடு நின்றாள், அப்புறம் குழந்தையின் உள்ளங்காலில் வைத்துவிட்டுப் போனாள். உள்ளங்கால்தான் கொஞ்சம் வெளுப்பாக இருந்தது. அதற்கப்புறம் பொட்டு என்றாலே உள்ளங்காலில்தான். கண் படக்கூடாது என்று வைக்கிற பொட்டு, யார் கண்ணும் படாத இடத்தில். இப்போது அது கண்ணுக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிட்டதா. கோனியம்மா, வெள்ளியில் கண்மலர் வாங்கி வைக்கிறேன், இரண்டு கண்ணையும் எனக்குக் கொடுத்துவிடு. கண் நல்லபடியாக இருந்தால் போதும், வேறு ஒன்றும் வேண்டாம். வேறு ஒன்றும் வேண்டாம் என்று சொல்லும்போதே மனசின் ஓரத்தில் வேறு ஒன்று எட்டிப்பார்த்தது: கண்ணும் நன்றாக இருந்து, அப்படியே இவள் கொஞ்சம், ஒரு துளி, புதுநிறமாகவாவது. கோகிலாவுக்குத் தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ளத் தோன்றியது. ஹாலில் யாருக்கும் அது கேட்டிருக்காது. சாமிக்குக் கேட்டிருக்குமே. இரண்டைக் கேட்டால் இரண்டையும் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டால்.

போன் அதிர்ந்தது, கனகராஜ். பட்டறைச் சரக்கை டெலிவரி கொடுக்க ஓசூருக்குப் போனவன். எடுக்காமல் விட்டாள், நின்றது, மறுபடி அதிர்ந்தபோது எடுத்தாள். "எங்கிருக்கற?" "கண்ணாஸ்பத்திரிலங்க." "யாருக்கு?" "பாப்பாவுக்குத்தாங்க. சும்மா ஒரு செக்கப்பு. போர்டு சரியாத் தெரியலேன்னு ஸ்கூல்ல சொன்னாங்க." பொய் எவ்வளவு சுலபமாக வழுக்கிக்கொண்டு வருகிறது. "கண்ணாடி போடச் சொல்லீருவாங்களா? பொட்டப் புள்ளைக்கு மூஞ்சில கண்ணாடின்னா" என்று இழுத்தான் அவன். அவன் கவலை அது. "போட்டாப் போட்டுக்குறா, கண்ணு தெரிஞ்சாச் சரிங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள். நர்ஸ் இரண்டாம் தடவையாக வந்து இமையைப் பிரித்து ஒவ்வொரு சொட்டு விட்டாள். எரிந்திருக்கவேண்டும், சஷ்டிகாவின் கால் கட்டைவிரல் சாக்ஸ் இல்லாத காலில் விறைத்து நிமிர்ந்தது, ஆனால் அழவில்லை. அது தைரியமா, பயமா, அல்லது இதுவும் உள்ளே போகிற மருந்து என்பதால் பொறுத்துக்கொள்கிறாளா. குனிந்து அவள் காதருகில், "எதுக்கு கண்ணு உனக்குச் செவப்பாகோணும்?" என்று கோகிலா கேட்டாள். கேட்டிருக்கக் கூடாது. கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. "ஆண்டு விழாவுக்கு." "ஆண்டு விழாவுக்கு என்ன?" "டான்ஸ்ல செவப்பா இருக்கறவங்கெல்லாம் முன்னால. நானு, ரித்து, அந்தப் புது பையன் எல்லாம் கடைசி வரிச. நாங்க பின்னால நின்னு மரக்கெளைய ஆட்டோணும்." "மிஸ்ஸு அப்படியா சொன்னாங்க, செவப்பா இருக்கறவங்கன்னு?" "சொல்லல. கையப் புடிச்சு நிக்க வெச்சாங்க." மூக்கைச் சொறிந்துவிட்டு, "எனக்குத்தான் ஸ்டெப்பெல்லாம் தெரியும். முன்னால நிக்கற பொண்ணு மறந்துட்டா திரும்பி என்னயத்தான் பாக்குது" என்றாள். கோகிலாவுக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போய் அந்த மிஸ்ஸைப் பார்த்து என்ன பேசுவது என்று வரிசையாக வந்தது, ஒவ்வொரு வாக்கியமாக, நல்ல காரமாக. மிஸ்ஸின் பதிலும் கூடவே வந்தது. அப்படியெல்லாம் இல்லீங்க மேடம், உயரத்துக்குத் தகுந்த மாதிரி நிக்க வெச்சோம், என்பாள். பிள்ளையை நாளைக்கும் அங்கேதான் அனுப்பவேண்டும், இதற்கு மேல் என்ன கேட்க முடியும். சஷ்டிகாவின் பேர் கூப்பிட்டார்கள்.

டாக்டரம்மா சின்னப் பெண்ணாக இருந்தாள், நெற்றியில் ஒரு விளக்கைக் கட்டிக்கொண்டிருந்தாள். அறையை இருட்டாக்கிவிட்டு, கையில் ஒரு கண்ணாடி வில்லையைப் பிடித்துக்கொண்டு, குழந்தையின் கண்ணுக்குள் வெளிச்சத்தை விட்டாள். மேலே பாரு, கீழே பாரு, என் காதைப் பாரு. இன்னொரு விளக்கு. கோகிலாவுக்கு அதை ஓடிப்போய் அணைக்கவேண்டும் போலிருந்தது. "இந்த லைட்டு என்ன பண்ணுமுங்க?" என்று சஷ்டிகா கேட்டாள். "ஒண்ணும் பண்ணாது. நான் உள்ள எட்டிப் பாக்கறதுக்கு" என்றாள் டாக்டர். பிறகு வில்லையை அடுத்த கண்ணுக்கு மாற்றிப் பிடித்தாள். டாக்டர்கள் பேசாமல் இருக்கிற நேரத்தில் மனுஷனுக்கு வருகிற நினைப்புகளை எடுத்து எழுதினால் பார்க்கச் சகிக்காது: கோகிலா அதற்குள் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு ரோடு தாண்டினாள், தட்டில் எது எங்கே இருக்கிறது என்று சொல்லி ஊட்டினாள், தான் செத்த பிறகு யார் ஊட்டுவார்கள் என்றுவரைக்கும் போய்விட்டாள். லைட்டைப் போட்டார்கள். "விழித்திர நல்லாத்தான் இருக்குங்க. காயம் எதுவும் எனக்குத் தெரியல. அந்தப் பொட்டு, ரொம்ப வெளிச்சத்தப் பாத்தா கொஞ்ச நேரம் அப்படித் தெரியும், போயிரும். எதுக்கும் அடுத்த வாரம் ஒருக்காக் காட்டுங்க, நடுவுல பொட்டு திரும்ப வந்தா உடனே வாங்க. அந்த வெளக்கு இனிமே இவ கைக்கு எட்டவே கூடாது." கோகிலா குழந்தையின் கண்ணில் வழிந்ததை முந்தானையால் ஒற்றினாள். "எதுக்கு கண்ணு அதப் போய் அப்படிப் பாத்த?" என்று டாக்டரம்மா சிரித்துக்கொண்டே கேட்டாள். சஷ்டிகா அம்மாவைப் பார்த்தாள். "வெளையாட்டுக்குங்க" என்றாள் கோகிலா. டாக்டரம்மா நல்ல சிவப்பு. அவளிடம் எப்படிச் சொல்வது.

வெளியே வரும்போது நர்ஸ் கருப்பாக ஒரு பிளாஸ்டிக் கண்ணாடியைச் சஷ்டிகாவின் காதில் மாட்டிவிட்டு, "பொழுது சாயற வரைக்கும் கண்ணு கூசுமுங்க, எல்லாம் வெளுப்பா மங்கலாத் தெரியும், தானாச் சரியாயிரும்" என்றாள். வாசலில் உச்சி வெயில். கோகிலா மூச்சை முழுசாக இழுத்து விட்டாள், காலையிலிருந்து இப்போதுதான் முழுசாக விடுகிறாள், ரோட்டில் போகிற பஸ்ஸும் கரும்புச்சாறு வண்டியும் எல்லாமே சொந்தக்காரர்கள் மாதிரித் தெரிந்தன. நல்லாத்தான் இருக்கு. விழித்திரை நல்லாத்தான் இருக்கு. கண்மலரை வரும் வெள்ளிக்கிழமையே கொண்டுபோய் வைத்துவிடவேண்டும். அந்தப் பலகையை இன்றைக்கே யாருக்காவது, இல்லை, யாருக்கும் வேண்டாம். பக்கத்தில் சஷ்டிகா கண்ணாடியைக் கழற்றிவிட்டிருந்தாள். கண் பாப்பா இரண்டும் விரிந்து, முழி முழுக்கக் கருப்பாக, கூச்சத்தில் தண்ணீர் வழிய, வலது கையை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் புறங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திருப்பி உள்ளங்கையைப் பார்த்தாள். மறுபடி புறங்கை. "போட்டுக்க கண்ணு, கண்ணு கூசும். பொட்டு தெரியுதா இன்னும்?" "போயிருச்சும்மா" என்றாள். காலையிலிருந்து கோகிலா ஏங்கிக்கொண்டிருந்த வார்த்தை அதுதான், ஆனால் அதைப் பிடித்து வைத்துக்கொள்ள நேரம் கிடைக்கவில்லை. "அம்மா, எங் கையப் பாரு." "பாத்தேன்." "செவந்திருச்சும்மா. நெஜமாவே. உள்ள போயிருக்குது, மெதுவாத்தான் வேல செய்யுமாட்ட இருக்குது." கோகிலா பார்த்தாள். காலையில் இருந்த அதே கைதான், கனகராஜின் கையைச் சின்னதாக்கிச் செய்த கை, நகத்தில் போன வாரம் பூசின பாலிஷ் பாதி உதிர்ந்து. "நீயும் செவந்துட்டம்மா. எல்லாருமே செவந்துட்டாங்க" என்று சஷ்டிகா ரோட்டைப் பார்த்துச் சிரித்தாள். இதைப்போல அவள் சிரித்துப் பார்த்து எத்தனை நாளாகிறது. கண்ணு, அது மருந்து, பொழுது சாய்ந்தால் போய்விடும் என்று சொல்லவேண்டும். உன் கை உன் கையாகவே நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லவேண்டும். சொன்னால், அப்போது அத்தை சொன்னபோது நீ ஏன் சிரித்தாய் என்று கேட்பாள். அவள் கேட்பாள், விடமாட்டாள். "அம்மா, இப்பவே ஸ்கூலுக்குப் போலாமா? மத்தியானந்தான் டான்ஸ் பிராக்டிசு. மிஸ்ஸு பாத்தாங்கன்னா முன்னால நிக்க வெச்சிருவாங்க." ஒரு ஆட்டோ வந்து வேகம் குறைத்து நின்றது. "எங்கீங்க போகோணும்?" வீட்டுக்கு, கணபதி ஏரியா, என்று சொல்ல வாயைத் திறந்தாள் கோகிலா. அதற்குள் சஷ்டிகா ஏறி, ஒரு காலில் சாக்ஸோடும் ஒரு காலில் இல்லாமலும் சீட்டின் நடுவில் உட்கார்ந்து, இரண்டு கையையும் வெயில் படுகிற மாதிரி மடியில் விரித்து வைத்துக்கொண்டாள். "ஸ்கூலுக்குங்கண்ணா. வேகமாப் போங்க, பிராக்டிசு முடிஞ்சிரும்." டிரைவர் திரும்பிக் கோகிலாவைப் பார்த்து, "ஸ்கூலுக்குங்களா?" என்றார்.  கோகிலா ஏறி உட்கார்ந்ததை ஆமாம் என்று எடுத்துக்கொண்டு, எந்த ஸ்கூல் என்று பாப்பாவிடமே கேட்டபடி அவர் வண்டியைக் கிளப்பினார்.